விமானச்சீட்டின் விலையும் வீட்டு வாசல் வரையான செலவும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைப் பயணங்களைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். லண்டனுக்கு 19.99 யூரோவுக்கு விமானச்சீட்டு கிடைக்கும்போது, அதே ஊருக்கு நூறு யூரோ கொடுத்து ரயிலில் போவது வீண் செலவு என்று அதை எழுதியவர் முடித்திருந்தார். ஜேர்மனியிலும் பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் சுவிஸிலும் உறவுகள் சிதறிக் கிடக்கிற எங்கள் சனங்களில், அந்தக் கட்டுரையை நம்பி இந்த ஆண்டு சீட்டு எடுக்கப் போகிறவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர் காட்டிய இரண்டு விலைகளும் உண்மைதான். ஆனால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

நான் கொலோன் நகரில் ஒரு பல்பொருள் அங்காடியில் காசாளராக இருக்கிறேன். எங்கள் கடையில் ஒவ்வொரு பொருளின் விலைக்குக் கீழேயும் சிறிய எழுத்தில் இன்னொரு விலை இருக்கும். கிலோவுக்கு எவ்வளவு, லீற்றருக்கு எவ்வளவு என்று அது சொல்லும். 1998இல் வந்த ஐரோப்பியச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. பெரிய பெட்டிக்குள் கொஞ்சம் சாமானை வைத்து மலிவு என்று யாரும் விற்றுவிட முடியாது. கண்ணாடி போட்ட பாட்டிமார்கூடக் குனிந்து அந்தச் சிறிய எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். பயணச்சீட்டுக்கு அப்படி ஒரு விலை எங்கேயும் எழுதப்படுவதில்லை. தவிர்க்க முடியாத வரிகளையும் கட்டணங்களையும் சேர்த்து முழு விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் விதி விமான நிறுவனங்களுக்குச் சொல்கிறது. அது நல்ல விதி. ஆனால் பெட்டிக்கான காசும், குடும்பம் ஒன்றாக இருப்பதற்கான காசும், விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் காசும் அந்த விதிக்குள் வருவதில்லை. எங்கள் குடும்பங்களில் செலவு ஏறுவது இந்த மூன்றிலும்தான்.

கணக்கையே எழுதிவிடுகிறேன். என் தங்கச்சி லண்டனில் ஹரோ பகுதியில் இருக்கிறாள். அவளுடைய மகளின் சாமத்திய வீடு ஈஸ்டர் விடுமுறையில் வந்தது. நான், கணவர், பதினைந்து வயது மகன், ஒன்பது வயது மகள், என் அம்மா என்று ஐந்து பேர் போக வேண்டும். விளம்பர விலைப்படி பார்த்தால் ஐந்து பேரும் போய்வர இருநூறு யூரோ. ஆனால் பள்ளி விடுமுறை நாட்களில் அந்த விலைக்கு ஓர் இருக்கையும் இருக்கவில்லை. நாங்கள் பார்த்த நாளில், கொலோன் - பொன் விமான நிலையத்திலிருந்து லண்டன் ஸ்டான்ஸ்டெட்டுக்குப் போய்வர ஐந்து பேருக்கும் சேர்த்து 430 யூரோ வந்தது. தாய்மாமன் வரிசைச் சாமான், சேலைகள், அம்மாவின் மருந்துகள், பிள்ளைகளின் உடுப்பு எல்லாவற்றையும் இருக்கைக்கு அடியில் தள்ளும் சின்னப் பைக்குள் அடைக்க முடியாது. இருபது கிலோப் பெட்டி இரண்டு, போகவும் வரவும் சேர்த்து 170 யூரோ. அம்மாவையும் சின்னவளையும் எங்கள் பக்கத்தில் இருத்த 50. கொலோனில் விமான நிலையத்துக்கு நகர ரயிலில் போய்வர 30. கணவரிடம் ஜேர்மனி மாதச்சீட்டு இருப்பதால் அவருக்குத் தனிக் காசு இல்லை.

இனி ஸ்டான்ஸ்டெட். லண்டன் என்று பெயரில் இருந்தாலும் அது நகரின் நடுவிலிருந்து அறுபது கிலோமீற்றர் அளவில் வடகிழக்கே இருக்கிறது. ஹரோ இருப்பதோ வடமேற்கில். விரைவு ரயிலில் லிவர்பூல் ஸ்ட்ரீட் வந்து, அங்கிருந்து நிலக்கீழ் ரயிலில் நகரைக் குறுக்கறுத்துப் போக வேண்டும். ஐந்து பேரும் போய்வர 240 யூரோ வரை ஆகும். எல்லாவற்றையும் கூட்டினால் 920 யூரோ.

ரயிலுக்கு வருவோம். கொலோனிலிருந்து பிரசெல்ஸ், அங்கே மாறி, ஆங்கிலக் கால்வாய்க் கடலுக்கு அடியில் போகும் சுரங்கத்தின் வழியாக லண்டன் செயின்ட் பாங்க்ரஸ். நாலு மாதத்துக்கு முன்பே எடுத்தும் ஐந்து பேரும் போய்வர 1,010 யூரோ. பெட்டிக்குக் காசு இல்லை. செயின்ட் பாங்க்ரஸில் இறங்கினால் மெட்ரோபொலிட்டன் தடத்தில் ஒரே ரயிலில் ஹரோ. பதினொரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெரியவரோடு போனால் அதில் கட்டணமே இல்லை. மற்றவர்களுக்குப் போக வர 30 யூரோ. மொத்தம் 1,040.

விமானம் 120 யூரோ மலிவு. அதை மறைக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆனால் உங்கள் கட்டுரை காட்டிய முறையில், விளம்பர விலை இருநூறையும் ரயில் சீட்டு 1,010ஐயும் வைத்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் 810 யூரோ. எண்ணூறு யூரோ வித்தியாசம் என்றால் ஒரு குடும்பம் ரயிலை நினைத்தே பார்க்காது. நூற்றிருபது என்றால் உட்கார்ந்து யோசிக்கும். அம்மாவின் முழங்காலையும், அதிகாலை மூன்று மணிக்கு எழும்ப வேண்டுமா என்பதையும், பாதுகாப்பு வரிசையில் சப்பாத்தைக் கழற்றி நிற்பதையும் கணக்கில் எடுக்கும். நாங்கள் யோசித்துவிட்டு ரயிலில் போனோம். அம்மா பிரசெல்ஸ் வரை நித்திரை. அதன்பிறகு பேத்திக்கு யாழ்தேவியில் கொழும்புக்குப் போய்வந்த கதை.

தனியாள் ஒருவர், முதுகுப்பை ஒன்று, விடுமுறை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை என்றால் விமானமே மலிவு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2023 கோடையில் கிரீன்பீஸ் அமைப்பு ஐரோப்பாவின் 112 தடங்களை ஒப்பிட்டபோது, ரயில் விலை சராசரியாக விமான விலையின் இரண்டு மடங்கு என்று கண்டது. லண்டன் - பார்சலோனா போன்ற தடங்களில் வித்தியாசம் முப்பது மடங்கு வரை போனது. ஆகவே கட்டுரையாளர் இல்லாததைச் சொல்லவில்லை. அது ஏன் அப்படி இருக்கிறது என்று அவர் கேட்காமல் விட்டதுதான் என் மனக்குறை.

முதலில் அந்த 19.99இன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஜேர்மனியிலிருந்து புறப்படும் குறுந்தூரப் பயணி ஒருவருக்கு அரசு வாங்கும் வரி 2024 மே மாதம் 15.53 யூரோவாக உயர்த்தப்பட்டது. அந்த வீதத்தைக் கழித்தால் நிறுவனத்துக்கு மிஞ்சுவது 4.46 யூரோ. விமானியின் சம்பளம், எரிபொருள், நிலையக் கட்டணம், வான்வழிக் கட்டுப்பாட்டுக் கட்டணம் எல்லாம் நாலரை யூரோவுக்குள் அடங்குமா? அந்த விலை ஒரு சில இருக்கைகளுக்கு மட்டும் ஒட்டப்படும் அழைப்பு. பெட்டி கொண்டுவருகிறவரும் பிந்தி வாங்குகிறவரும்தான் மிச்சத்தைக் கட்டுகிறார்கள். எங்கள் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வகையிலும் இருக்கின்றன.

இந்த எண்ணைச் சொன்னவுடனேயே, விமானத்துக்கு வரியே கிடையாது என்று மேடைகளில் சொல்கிறவர்கள் தவறு என்பதும் தெரிந்துவிடும். சீட்டுக்கு வரி இருக்கிறது. பிரித்தானியாவிலிருந்து திரும்பும்போதும் பெரியவர்களுக்கு உண்டு. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சாதாரண வகுப்பில் இல்லை. ஐரோப்பாவுக்குள் பறக்கும் விமானங்கள் 2012 முதல் தாம் விடும் புகைக்கு ஈடாகக் கரிம உமிழ்வு உரிமங்களையும் வாங்க வேண்டியிருக்கிறது, நெடுங்காலம் அவற்றில் பெரும்பங்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது என்றாலும்.

வரி இல்லாதது எரிபொருளுக்கு. 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு, ஒரு நாட்டுக்குள் வந்திறங்கும் விமானத்தின் தொட்டியில் இருக்கும் எரிபொருளுக்கு வரி வாங்கக் கூடாது என்கிறது. பின்னர் நாடுகள் தங்களுக்குள் செய்த ஒப்பந்தங்கள், புதிதாக நிரப்பும் எரிபொருளுக்கும் அந்தச் சலுகையை நீட்டின. 2003ஆம் ஆண்டின் ஐரோப்பிய எரிசக்தி வரிச் சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. ஐரோப்பாவுக்குள் பறக்கும் விமானங்களின் எரிபொருளுக்குப் படிப்படியாக வரி விதிக்கலாம் என்று 2021 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. வரி விஷயத்தில் 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும் என்பதால் அது இழுபட்டுக்கொண்டே போனது. என் கணவர் வேலைக்குப் போகக் காருக்கு நிரப்பும் ஒவ்வொரு லீற்றர் பெற்றோலிலும் வரி இருக்கிறது. லண்டனுக்குப் பறக்கும் விமானத்தின் தொட்டியில் இல்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை, யார் வந்து விளக்கினாலும் படப்போவதில்லை.

ரயிலின் பக்கம் எப்படி? அது எடுக்கும் மின்சாரத்துக்குச் சலுகை வீதத்திலாவது வரி உண்டு. ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றர் தண்டவாளத்துக்கும் பாதைக் கட்டணம் உண்டு. நாடு கடக்கும் ரயில் சீட்டில், ஜேர்மனிக்குள் ஓடும் பகுதிக்கு 7 சதவீத விற்பனை வரி உண்டு. 2019 முடியும் வரை நெடுந்தூர ரயிலுக்கு அது 19 சதவீதமாக இருந்தது. நாடு கடக்கும் விமானச்சீட்டுக்கு விற்பனை வரி பூச்சியம். லண்டன் போகும் ரயிலுக்கு இவற்றுக்கு மேல் சுரங்கத்தின் கட்டணம். 1994 மே மாதம் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கம் ஐம்பது கிலோமீற்றர் நீளம், அதில் முப்பத்தெட்டுக் கிலோமீற்றர் கடலுக்கு அடியில். அதைத் தோண்டத் தனியார் முதலீட்டாளர்கள் போட்ட பெரும் காசைத் திரும்ப எடுப்பதற்காக, போகும் ஒவ்வொரு ரயிலுக்கும் அதில் இருக்கும் ஒவ்வொரு பயணிக்கும் கட்டணம் அறவிடப்படுகிறது. அது மிக அதிகம் என்று 2013இல் ஐரோப்பிய ஆணையமே பிரான்ஸ், பிரித்தானிய அரசுகளிடம் எழுத்தில் கேட்டது.

என் கணவர் ரயில் பெட்டிகளைத் துப்புரவு செய்யும் ஒரு நிறுவனத்தில் இரவு வேலை செய்கிறார். எந்த வண்டியில் எத்தனை பெட்டி, எதில் கழிவறை அடைபடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எல்லை கடக்கும் வண்டிகளின் விலையைப் பற்றி அவர் சொன்ன ஒன்று எனக்குப் புதிதாக இருந்தது. ஜேர்மனியின் தண்டவாளத்துக்கு மேலே ஓடும் மின்சாரம் 15,000 வோல்ட். பெல்ஜியத்தின் பழைய பாதைகளில் 3,000. அது வேறு வகை மின்னோட்டமும்கூட. அதிவேகப் பாதைகளில் 25,000. நெதர்லாந்தின் பழைய பாதைகளில் 1,500. ஒரே வண்டி இவை எல்லாவற்றிலும் ஓட வேண்டும், ஒவ்வொரு நாட்டின் சமிக்ஞையையும் வாசிக்க வேண்டும், ஓட்டுநருக்கு அந்தந்த நாட்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிகள் விலை கூடியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. ஒன்று பழுதானால் மாற்றுக்கு இன்னொன்று கிடைப்பதில்லை. விமானத்துக்கு வானத்தில் இப்படி எந்தத் தடையும் இல்லை. 1993 தொடங்கி 1997க்குள் ஐரோப்பாவின் வான்வழி முழுவதும் திறந்துவிடப்பட்டது. அயர்லாந்து நிறுவனம் ஒன்று இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் இடையில் பறக்கலாம். ஒரே வகை விமானம், இறங்கி அரை மணிக்குள் மறுபடி ஏறுவது, ஒரு நாளில் பல பயணம் என்று அவர்கள் விலையை இறக்கினார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்களில் எத்தனையோ பேர் அதனால்தான் இருபது வருடமாகக் காணாத சகோதரங்களைப் போய்ப் பார்த்தார்கள்.

பாரிஸ் என்றால் எங்கள் வீட்டில் விமானம் என்ற பேச்சே எழுவதில்லை. கொலோனில் ஏறினால் மூன்றரை மணித்தியாலத்துக்குள் பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையம். அங்கிருந்து எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பல் நடை தூரம். பெட்டியை உருட்டிக்கொண்டே போய்ச் சேலைக் கடைக்குள் நுழையலாம், இடியப்பப் பொதி வாங்கலாம். அந்த ரயிலில் பெரியவர் ஒருவருக்கு 85 சென்டிமீட்டருக்குள் இரண்டு பெட்டி, கூடவே ஒரு கைப்பை. நிறுத்துப் பார்க்கத் தராசு கிடையாது. ஓகஸ்ட் கடைசியில் பாரிஸ் மாணிக்க விநாயகர் தேருக்குப் போய்விட்டு வருகிறவர்களின் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். கட்டுரையாளர் லண்டனை மட்டும் உதாரணமாக எடுத்ததால் இந்தத் தடம் அவர் கண்ணில் படவில்லை.

ஆனால் ரயில்காரர்கள் மீது எனக்கு ஒரு பெரிய கோபம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை அனுப்ப மாட்டேன்.

கலியாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம் எல்லாம் மாதக்கணக்கில் முன்பே தெரியும். சாவு அப்படி வருவதில்லை. பாரிஸ் புறநகரில் இருந்த என் மாமா காலமானபோது செய்தி மாலையில் வந்தது. மறுநாளுக்குச் சீட்டுப் பார்த்தோம். ஒருவருக்கு ஒரு வழிக்கே நூற்றைம்பது யூரோவுக்கு மேல். விமானத்தின் விலையும் அதற்குக் குறைவாக இருக்கவில்லை. மாமாவின் உடன்பிறந்தவரான என் அம்மா, நான், தம்பி, அவன் மனைவி, எல்லோரும் போக வேண்டும். கடைசியில் தம்பி தன்னுடைய வேனை எடுத்தான். இரவு வேலை முடித்து வந்த கணவர் பக்கத்தில் இருந்து அவனை நித்திரை கொள்ளவிடாமல் பேசிக்கொண்டே வந்தார். ஐரோப்பாவில் எங்கள் சனங்கள் மரணச்சடங்குக்குப் போகும் வழியில் விபத்தில் மாட்டிக்கொண்ட செய்திகளை நீங்களே எத்தனை முறை வெளியிட்டிருப்பீர்கள், ஆசிரியர் அவர்களே. தூங்காத கண்ணோடு ஐந்நூறு கிலோமீற்றர் ஓட்டுவது யாருடைய விருப்பமும் அல்ல. சீட்டின் விலை அவர்களைத் தெருவுக்குத் தள்ளுகிறது.

முன்பு ரயில் சீட்டின் விலை தூரத்தைப் பொறுத்தது. போன மாதம் வாங்கினாலும் வண்டி புறப்படுமுன் வாங்கினாலும் ஒன்றுதான். விமான நிறுவனங்களைப் பார்த்து, வாங்க வருகிறவர்கள் கூடக்கூட விலையை ஏற்றும் முறையை ரயில்களும் எடுத்துக்கொண்டன. விமானத்திடமிருந்து விலையை இறக்கும் வித்தையைக் கற்றிருக்கலாம். ஏற்றும் வித்தையையே நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். இது எல்லா இடத்திலும் இப்படி இல்லை. சுவிஸில் இருக்கும் எங்கள் உறவினர்களைக் கேளுங்கள். அங்கே சலுகைச் சீட்டு தனியாக இருந்தாலும், சாதாரணச் சீட்டின் விலை என்று ஒன்று இருக்கிறது. அது கடைசி நிமிடத்திலும் மாறாது. அரைக்கட்டண அட்டை இருந்தால் அதிலும் பாதி. சூரிச்சில் ஒரு சாவு என்றால் ஜெனீவாவில் இருப்பவர் எவ்வளவு ஆகும் என்று முன்பே அறிவார். எல்லை கடக்கும் ரயிலுக்கும் இப்படி ஓர் உச்ச விலை வேண்டும். இவ்வளவுக்கு மேல் எந்த நாளிலும் போகாது என்று ஒரு கோடு. அதைச் செய்யாதவரை, ரயில் எங்களுக்கு நல்ல காரியத்துக்கு மட்டும் உதவும் வாகனமாகவே இருக்கும்.

இன்னொன்று, சீட்டைத் துண்டு துண்டாக வாங்க வைப்பது. என் மைத்துனர் குடும்பம் இரண்டு நாட்டு ரயில்களுக்கு இரண்டு இணையத்தளங்களில் தனித்தனியே சீட்டு எடுத்தது. சேர்த்து வாங்குவதை விட அது மலிவாக இருந்தது. முதல் வண்டி பிந்தியது. இரண்டாவது வண்டி போய்விட்டது. முகப்பில் இருந்தவர் அது வேறு ஒப்பந்தம் என்று சொல்லிக் கையை விரித்தார். புதிதாகச் சீட்டு எடுத்துத்தான் போனார்கள். இதில் பாவம், சட்டப்படி அந்த முகப்பு ஊழியர் சொன்னது சரியாக இருந்தது. விமானத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி, அதற்கு நிறுவனமே காரணம் என்றால், 1,500 கிலோமீற்றருக்கு உட்பட்ட பயணத்துக்கு 250 யூரோ நட்டஈடு, சீட்டு 19.99க்கு வாங்கியிருந்தாலும் அதே 250. ரயிலில் ஒரு மணித்தியாலம் பிந்தினால் சீட்டு விலையில் கால்வாசி, இரண்டு மணித்தியாலம் பிந்தினால் அரைவாசி. தொடர் வண்டி தவறியதற்கு, ஒரே சீட்டாக இருந்தால்தான் பாதுகாப்பு. ஒரே தளத்தில் ஒரே சீட்டு, பயணம் முழுவதற்கும் உரிமை என்று 2024 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவி உர்சுலா ஃபொன் டெர் லையன் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நாங்கள் மறக்காமல் இருக்க வேண்டும். வாசகர்களுக்கு என் நடைமுறை ஆலோசனை: பத்து யூரோ கூடினாலும் முழுப் பயணத்தையும் ஒரே சீட்டாக வாங்குங்கள்.

இரவு ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன் படுக்கை வண்டிகளைக் கைவிட்டபோது ஆஸ்திரிய ரயில்வே அவற்றில் ஒரு பகுதியை எடுத்து நடத்தியது. பாரிஸ் - பெர்லின் இரவு வண்டி 2023 டிசம்பரில் பெரிய ஆரவாரத்தோடு திரும்பி வந்தது. பிரான்ஸ் அரசு மானியத்தை நிறுத்தியதும் இரண்டே வருடத்தில் அதைக் கைவிட்டார்கள். ஒரு தடம் நிலைக்குமா என்று தெரியாமல் யார் அதை நம்பிக் கலியாணத் தேதி வைப்பார்கள்?

புகையைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை, அது முக்கியம் இல்லை என்பதால் அல்ல. ஐரோப்பிய சுற்றாடல் முகவரகத்தின் கணக்கில் 2018ஆம் ஆண்டு, ஒரு பயணி ஒரு கிலோமீற்றர் போக ரயிலில் 33 கிராம் கரிம உமிழ்வு, விமானத்தில் 160. என் மகன் இதைப் பள்ளியில் படித்துவிட்டு வந்து எங்களோடு வாதாடுகிறான். அவன் சொல்வது சரி. ஆனால் மாத முடிவில் வங்கிக் கணக்கைப் பார்த்துப் பயணம் போகிற ஒரு குடும்பத்திடம் புகையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது எடுபடாது. அரசுகள் விலையைச் சரிசெய்தால் புகைக் கணக்கு தானாகச் சரியாகும்.

உங்கள் பத்திரிகையிடம் நான் கேட்பது இதுதான். பயணக் கட்டுரை போடும்போது ஒருவரின் விளம்பர விலையைப் போடாதீர்கள். எங்கள் குடும்பம் ஒன்றைப் போல இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை, ஒரு முதியவர், இரண்டு பெட்டி என்று வைத்து, பள்ளி விடுமுறை நாள் ஒன்றில், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டு அச்சிடுங்கள். கொலோன் - லண்டன், டோர்ட்முண்ட் - பாரிஸ், ஸ்ருட்கார்ட் - சூரிச் என்று எங்கள் சனங்கள் போய்வரும் தடங்களாக எடுங்கள். விமானம் மலிவாக வரும் இடத்தில் அப்படியே எழுதுங்கள். அங்கே எவ்வளவு வரி, எவ்வளவு பாதைக் கட்டணம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

விழா வைக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மண்டபம் பதிந்த அன்றே உறவுகளுக்குத் தேதியைச் சொல்லிவிடுங்கள். அழைப்பிதழ் அச்சாகி, மஞ்சள் பூசி, கையில் கிடைக்கும்போது மலிவுச் சீட்டெல்லாம் முடிந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

எங்களில் பலர் இப்போது இந்த நாடுகளின் குடிமக்கள். ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கிறோம். கோயில் அனுமதிக்கும் தாய்மொழிப் பள்ளிக் கட்டடத்துக்கும் நகரசபைக்கு எழுதத் தெரிந்த எங்களுக்கு, எரிபொருள் வரி பற்றியும் ரயிலின் உச்ச விலை பற்றியும் எங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுத முடியும். நான் ஜேர்மன் மொழியில் எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் ஒரு பிரதியையும் இதனுடன் அனுப்புகிறேன். நீங்கள் அதை வெளியிட்டால், விரும்புகிறவர்கள் தங்கள் பெயரைப் போட்டு அனுப்பிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கொலோன் வாசகி ஒருத்தி,
ஜேர்மனி